பேனா செருகிய பக்கம்

“ம்மா, நான் பேசறது அந்தப் பக்கம் கேக்கலையாம்” என்று மகள் அறையிலிருந்து குரல் கொடுத்தபோது மணி ஒன்பது பத்து. பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு. ஒத்திகைக்காகத் தோழியைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். தோழிக்கு வாயசைவு தெரிகிறது, குரல் வரவில்லை. பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அம்மா ஓடினாள். என்ன ஆகியிருக்கும் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

காலை ஏழு நாற்பதுக்கு, மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், மேசையைத் துடைக்கலாம் என்றுதான் உள்ளே வந்தாள். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், புதுப்பிக்க வேண்டியவை காத்திருக்கின்றன என்றது. முக்கியமான ஆள் வரும் நாளில் யாரும் எட்டிப் பார்க்காத பரணையும் சேர்த்துக் கழுவுகிற கை அவளுடையது. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தாள். அது பாட்டுக்கு இறக்கியது, நிறுவியது, தன்னை அணைத்துத் தானே எழுந்து நின்றது. சுத்தமாக இருந்தது. திருப்தியோடு போய்ச் சட்னி அரைத்தாள்.

அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் பதினோரு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், “மேடம், நீங்கதான் பொறுமையான ஆளு” என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் அழாத குறையாகக் கற்றுக்கொண்டாள். பிறகு அதன் மேல் பிடிவாதமான ஒரு பிரியம் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதையே போட்டாள். தொட்டதையெல்லாம் எழுதிவைக்க நீளமான ஒரு பதிவேடு உண்டு. தேதி, நேரம், செய்தது, நடந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்ததும் எழுத்து. எழுதி முடித்த பக்கத்திலேயே பேனாவைச் செருகிவைப்பாள். இன்று காலையும் அப்படித்தான்.

ஒலி அமைப்பைத் திறந்தாள். ஒலிபெருக்கி, மைக் எதன் பெயரும் இல்லை. ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே ஒரு வரி. சத்தத்துக்கு உண்மையான வழி எதுவும் இல்லை என்று அர்த்தம்.

“டம்மியா? என்னைப் பத்தி அதுக்கு யார் சொன்னது?” என்றார் கணவர், வாசலில் நின்று டீயை உறிஞ்சிக்கொண்டே.

“ப்பா, ப்ளீஸ். சிரிக்கற நேரமா இது?”

“போன்ல பேசிட்டா போச்சு, பாப்பா. எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“போன் ரூமுக்குள்ளயே இருக்கக் கூடாதுன்னு மெயில்ல போட்டிருக்காங்க. நான் வரைஞ்சதை வேற திரையில காட்டணும்.” மகள் வரைபட நிறுவனம் ஒன்றில் இருந்தவள். நிறுவனத்தை மூடியபோது அவர்கள் கொடுத்த மடிக்கணினியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். இது நான்காவது தேர்வு. முதல் மூன்றிலும் எங்கே சறுக்கியது என்று யாரும் சொல்லவில்லை. “நேத்து ராத்திரிகூட நல்லா இருந்துச்சும்மா. நீ எதையாவது தொட்டியா?”

“நான் எங்க தொட்டேன்? அதுவா அப்டேட் ஆயிருக்கும்.”

வாயிலிருந்து அவ்வளவு சுளுவாக அது வந்தது. அவள் போட்ட லினக்ஸ் எதையும் அதுவாகச் செய்யாது. கேட்காமல் எதையும் செய்யாது என்பதற்காகத்தான் அதை வீட்டுக்கே கொண்டுவந்தாள். அப்படிச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரின் காதைக்கூடப் புளிக்கவைத்திருக்கிறாள்.

“உங்கம்மாவோட கம்ப்யூட்டர் மாமியார் மாதிரி. அது எப்ப முகத்தைத் தூக்கி வெச்சுக்கும்னு அதுக்கே தெரியாது” என்றார் கணவர். யாரும் சிரிக்காததால் மெல்ல நகர்ந்துபோனார்.

அவள் பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டினாள். பேனா இருந்த பக்கம் மகள் கண்ணில் படாமல், முழங்கையால் மறைத்துக்கொண்டு. வேலை கிடைத்தால் மகள் ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போக வேண்டிய ஊருக்குப் போய்விடுவாள். போகட்டும், போகத்தான் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் இன்றைக்குப் பார்த்து அந்தக் கட்டத்தை ஏன் அழுத்தினாள்? சுத்தம் செய்யத்தானா? கை செய்ததற்கு மனசிடம் கணக்குக் கேட்டால் அது எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் கிடைத்தது. ‘நூலகம், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். புதுப்பித்தபின் சத்தம் இல்லை. தொடங்கும்போதே எஸ்கேப் விசை. பட்டியலில் பழைய கர்னல். சத்தம் வந்தது.’ கர்னல்தான் எல்லாவற்றையும் உள்ளிருந்து ஓட்டும் பகுதி. புதியது வந்தாலும் பழையதை லினக்ஸ் தூக்கி எறிவதில்லை, பின்கட்டில் வைத்திருக்கும்.

அணைத்துப் போட்டாள். எஸ்கேப்பை அழுத்துவதற்குள் நேராக உள்ளே போய்விட்டது. மறுபடியும் டம்மி. மணி ஒன்பது நாற்பத்தொன்று. மகள் கட்டிலில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது தடவை விசையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. இரண்டாவது வரியில் இருந்த பழைய கர்னலுக்கு இறங்கி அழுத்தினாள். திரை விழித்தது. ஒலிபெருக்கியும் மைக்கும் தத்தம் பெயர்களோடு திரும்பி வந்திருந்தன.

“பேசு.”

“ஹலோ. ஹலோ.” பச்சைக் கோடு துள்ளியது. மகள் சட்டென்று அவள் தோளில் நெற்றியை முட்டிவிட்டு நிமிர்ந்தாள். “நீ இல்லன்னா நான் இன்னைக்குக் காலிம்மா.”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஒன்பது ஐம்பத்தேழு. இப்போதா சொல்வது?

“எழுத ஏதாவது வேணுமே... இந்த நோட்டைக் குடு.”

“அது வேணாம்டி, வேற நல்ல பேப்பர் கொண்டு வரேன். ஒரே நிமிஷம்.”

“நேரமில்லம்மா!” பதிவேட்டைக் கையோடு பிடுங்கி மேசையில் வைத்துக்கொண்டு, போனை அவள் கையில் திணித்து, மகள் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா போனோடு நின்றாள். உள்ளே வணக்கங்கள் முடிந்தன. ஒரு ஆண் குரல் நீளமாக ஏதோ கேட்டது. மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். தெளிவான, அவசரமில்லாத குரல். இவளிடம் ஒருநாளும் பேசியிராத குரல். இன்னொரு கேள்வி. அதற்கும் பதில். மகள் சிரிப்பதுகூடக் கேட்டது. அந்தச் சிரிப்பு நிற்காமல் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். மனசார நினைத்தாள்.

“ஒரு நிமிஷம் சார், குறிச்சுக்கறேன்.”

பதிவேடு திறக்கும் சத்தம். பேனா இருக்கும் இடத்தில்தான் அது திறக்கும். ‘காலை 7.40. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தேன்.’ தன் கையெழுத்து அடித்தல் திருத்தம் இல்லாமல் எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பேனா கிளிக் என்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கதவின் அடியில் விழுந்திருந்த வெளிச்சக் கோட்டில், நாற்காலிக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த மகளின் பாத நிழல் அசைவை நிறுத்தியிருந்தது.