ஜக்கின் மூக்கும் டம்ளரின் விளிம்பும்

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தையல்காரி ஒதுங்கி நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே மருத்துவமனையில்தான் அவளுடைய இடது கண்ணை எடுத்தார்கள். தைக்க முடியாமல் கிடந்த மாதங்களில் தூரிகையைப் பிடித்தாள். அதைக் கேள்விப்பட்ட மேலாளர், வெறும் சுவருக்கு ஒரு படம் கேட்டிருந்தார். இதுவரை அவள் வரைந்தது எதுவும் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை.

படத்தில் ஒரு நீல மேசை, சுவரைப் போலச் செங்குத்தாக நின்றது. அதன்மேல் ஒரு ஜக்கும் டம்ளரும். ஜக்கின் மூக்கும் டம்ளரின் விளிம்பும் ஒரே கோடு.

மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் முகம் சுருங்கியது.

"ஏம்மா, மேசை ஏன் எழுந்து நிக்குது? டம்ளர் ஜக்குக்கு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?"

"எனக்கும் தெரியாது சார். தெரியாததைத்தான் வரைஞ்சேன்."

"இங்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய் வர்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, மேசையைப் படுக்க வச்சுக் கொண்டு வாங்க. மாட்டிடலாம்."

கூட வந்த தம்பி காதைக் கடித்தான். "மாத்தி வரைஞ்சு குடுத்துடுக்கா. நாலு விரல் இடம்தானே, என்ன குறைஞ்சுடும்?"

நாலு விரல்தான். ஆனால் அவள் கண் காணாத நாலு விரல். சின்னப் பொய்யானாலும் பொய்தானே.

"மன்னிச்சுக்குங்க சார். நான் எடுத்துட்டுப் போயிடறேன்." போர்த்தி வந்த துணியைக் கையில் எடுத்தாள்.

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அது தொட்டுக்கிட்டு இருக்கு."

பெஞ்சிலிருந்த லாரி ஓட்டுநர் சொன்னார். ஒரு கண்ணில் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணை எடுத்த நாலு நாளில் அவர் வாய் திறந்தது இப்போதுதான்.

"தொடாம ஊத்தினா தண்ணி வெளியில போயிடும் சார். நாலு நாளா மேசையைத்தான் குளிப்பாட்டறேன்." பிறகு தையல்காரியிடம், "நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"ஆறு மாசம் புடவையை நனைச்சு, அண்ணே. மூக்கை விளிம்புல வச்சுட்டு அப்புறமா சாய்ங்க. சிந்தாது."

"ஒத்தைக் கண்ணுல எது கிட்ட, எது தூரம்னே தெரியல. எனக்கு மட்டும்தான் உலகம் இப்படித் தட்டையாப் போச்சுன்னு நெனச்சேன்."

மேலாளர் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையிலிருந்த பேனாவை அதன் மூடியில் செருகப் பார்த்தார். பேனா மூடியைத் தாண்டிப் போனது. மறுபடியும் போனது. அந்தக் கண்ணைத் திறக்காமலே படத்தின் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஆணியும் சுத்தியலும் கொண்டு வரச் சொல்லுங்க," என்றார் கடைசியில். "இப்படி இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"பதினொண்ணு சார். ஒரு மேசைகூட படுக்காது," என்றான் தம்பி, தானே வரைந்தவன் மாதிரி.

உண்மையை விட்டுக்கொடுக்காதவளுக்கு ஒரு சாட்சி போதும். ஆண்டவன் அன்று இரண்டு பேரைக் கொடுத்திருந்தான். படம் சுவரில் ஏறியது. ஓட்டுநரே எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தார். மீதிப் பதினொன்றுக்கும் இடம் பார்க்க, தையல்காரி கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கூடத்தின் நான்கு சுவரையும் அளக்கத் தொடங்கினாள்.