ஓரத்தில் ஒரு டிக்

கிளம்பும்போது சுவாமிநாதன் சட்டைப் பையில் பென்சிலைச் செருகிக்கொண்டார்.

"அந்த மெஷினுக்குப் பென்சில் எதுக்குன்னா?" என்று கேட்டாள் ஜெயலக்ஷ்மி.

"பழக்கம்" என்றார். படித்து நிறுத்திய வரிக்கு நேரே ஓரத்தில் சின்னதாக ஒரு டிக், முடித்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் தேதி. வீட்டிலிருந்த அத்தனை புத்தகங்களிலும் நாற்பது வருஷமாக இதுதான் நடைமுறை. "இன்னிக்கு முடிஞ்சுடும். யார் கொன்னான்னு சாயங்காலம் சொல்றேன்."

"தோட்டக்காரன்தான். நீங்க வேணா பாருங்கோ."

"மூத்த மாட்டுப்பொண். நீ வேணா பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எதையும் உபயோகித்துப் பார்க்காமல் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குக்கர் வாங்கப் போனபோது வீட்டிலிருந்து அரிசி எடுத்துப் போனார். மெத்தைக் கடையில் படுத்துப் பார்த்தவர் முக்கால் மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்து, "கொஞ்சம் மெத்துனு இருக்கு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஜெயலக்ஷ்மியைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பெங்களூரிலிருந்து மகள் மதுவந்தி, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், கண்ணுக்கு நல்லது, ஒரு மின்னூல் கருவி ஆர்டர் போடுகிறேன் என்றதும், பார்க்காமல் வாங்குவதாவது என்று தி. நகரில் ஒரு கடையைத் தேடிப் பிடித்தார். அங்கே மேஜையில் சங்கிலி போட்டு ஒரு கருவியை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. எஸ்டேட் முதலாளி ஒருவரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், சுவாமிநாதன் அந்தக் கருவியைப் பதினேழு நாள் 'பார்த்தார்'. சாயங்காலம் திரும்பி வந்து, பீன்ஸ் நறுக்கும் ஜெயலக்ஷ்மிக்கு அன்றைய கதையைச் சொல்வார். நான்காம் நாளிலிருந்து அவள் பீன்ஸை மெதுவாக நறுக்கத் தொடங்கியிருந்தாள்.

இன்று முடிந்துவிடும் என்று சொல்லிப் போன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் சாய்ந்தவர், கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தன. வந்தவர்கள் எல்லாரும், மாமாவுக்கென்ன, ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்றார்கள். ஜெயலக்ஷ்மி தலையாட்டினாள். குறை இருந்ததா இல்லையா என்பது அவர் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. இதை வாய்விட்டுச் சொன்னால் மதுவந்தி தன்னை டாக்டரிடம் அழைத்துப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். மதுவந்தி ஊருக்குப் போன மறுநாள் ஜெயலக்ஷ்மி தானே தி. நகர் பஸ் ஏறினாள்.

கடையில் முதஸ்ஸிர் என்ற விற்பனையாளர்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அதான் மாமா வர்லயா. வேற கடைல வாங்கிட்டாரு போலனு கோவமா இருந்தேன்மா." மூக்கை உறிஞ்சினார். "மேனேஜரு தெனம் அனுப்பு அனுப்புன்னாரு. நான்தான் வுட்டு வெச்சேன். வர்றவங்க கிட்டல்லாம் மாமா இதுல இன்னா குறைன்னு ஒண்ணு ஒண்ணா சொல்லுவாரு. இவ்ளோதான் குறையான்னு நாலு பேரு வாங்கிக்கினு போனாங்க."

"அவர் அந்தக் கதையை முடிச்சாராப்பா?"

"தெரிலயேம்மா. போன வாரம் கம்பெனி ஆளு வந்து எல்லாத்தயும் அழிச்சிட்டுப் பூட்டாரு. இப்ப மொத பக்கத்துலதான் கீது."

இதற்காகவா வெயிலில் வந்தோம் என்றிருந்தது ஜெயலக்ஷ்மிக்கு. கிளம்பத் திரும்பினாள்.

"ஆனா ஒண்ணும்மா" என்று முதஸ்ஸிர் கருவியைத் திருப்பினார். "கடைசி நாளு, பூஜை போடணும், மேஜைய நகத்தணும்னு மேனேஜரு எழுப்பி வுட்டாரு. மாமா அவசரத்துல பென்சில எடுத்து, இதும் மேலயே ஒரு டிக் போட்டுட்டாரு."

ஜெயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புதான் முதலில் வந்தது.

"ரப்பர் போட்டுத் தேச்சாரு. கீறிடுச்சும்மா, போவல. மூஞ்சி சுருங்கிடுச்சு அவருக்கு. 'நான்தானே கெடுத்தேன், நாளைக்கு வந்து இதையே வாங்கிண்டுடறேன்'னாரு. அவரு வாங்கறேன்னு சொன்னது அதான் மொத தபா."

திரையின் இடது ஓரத்தில் மங்கலாக இருந்தது. வால் நீண்ட, அவருடைய டிக். டிக் என்றால் முடிக்கவில்லை. பதினேழு நாள் உட்கார்ந்தும் கொன்றது யார் என்று அந்த மனிதருக்குத் தெரியாமலே போய்விட்டது. வரிக்கு நேரேதான் போட்டிருக்கிறார், ஆனால் எந்தப் பக்கத்து வரி? ஜெயலக்ஷ்மி விரலை நாக்கில் தொட்டுத் திரையைத் தள்ளினாள். பக்கம் மாறியது, டிக் மாறவில்லை. இன்னும் நாலைந்து தள்ளினாள். எல்லாப் பக்கத்திலும் அவர் அங்கேயே நிறுத்தியிருந்தார்.

"கீறல் இல்லாததா புதுசு ஒண்ணு தரட்டாம்மா? இல்ல இதுவே போதுமா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

முதஸ்ஸிர் அவளைப் பார்த்தார். பிறகு சுவாமிநாதன் வழக்கமாக உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஜெயலக்ஷ்மி முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். எஸ்டேட் முதலாளி இன்னும் உயிரோடு வராந்தாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரைக் கீழே வைக்கும் வரிக்கு நேரே அந்த டிக் இருந்தது.