ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் என் தகர டப்பாவும்

டாக்டர்களை நான் நம்புவதில்லை. ஒருவர் சொன்னதையே இன்னொருவரும் சொல்கிறாரா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. போன வாரம் சனிக்கிழமை, எங்கள் ஊர் கிளினிக்கில் திங்கள் முதல் சனி வரை உட்காரும் வாரநாள் டாக்டர் என் வீட்டுக்காரிக்கு ரத்தக் கொதிப்பு என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார். மறுநாளே அவளை அதே கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

முன்கதவு பூட்டியிருக்கும் நாளில்தான் அந்தப் பின்கதவு திறக்கும். ஒரே அறை, ஒரே டாக்டரம்மா. என் பேத்தி வயதுதான் இருக்கும். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டபோதும் வெள்ளை மாத்திரையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவளும் ரத்தக் கொதிப்பு என்றாள். ஆனால் ரோஸ் மாத்திரை கொடுத்தாள். "இதை ஒரு வாரம் போட்டுட்டு வாரநாள் டாக்டரைப் பாருங்க" என்றாள்.

ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். யாரோ ஒருவர் உளறுகிறார். யார் என்று தெரியாததால் இரண்டையும் கொடுத்தேன். ஏதாவது ஒன்று வேலை செய்யாமலா போகும்?

இந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அள்ளிப் போட்டுக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன். பெஞ்சில் எட்டுப் பேர். டாக்டரம்மா எட்டிப் பார்த்து இவளைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் மாறியது. மறுபடி அடித்தாள்.

"எண்பதுக்கு ஐம்பது. ரொம்பக் கம்மி. ரோஸ் மாத்திரையை உடனே நிறுத்துங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க ஐயா?"

"ஒண்ணுமில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றேனே. நீதான படிச்சவ, நீயே கண்டுபிடி."

வாரநாள் டாக்டருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். பழைய சீட்டெல்லாம் முன்னறையில், சாவி குமாஸ்தாவிடம், குமாஸ்தா ஊரில் இல்லை. அதற்குள் மேசைப் போன் அலறியது. எடுத்துப் பேசினாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு லீவு சீட்டா? ஜுரம் எத்தனை நாளா? இன்னும் வரவே இல்லையா? வந்த பிறகு கூப்பிடுங்க சார்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவங்களுக்கு மருந்து அதிகமாச்சா, இதயத்துல கோளாறா, உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதா, எனக்குத் தெரியல. பார்க்க இங்க ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். போற வழியில என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரி ஒரு கண்ணைத் திறந்தாள். "இந்த மனுஷன்கிட்ட நேராக் கேட்டா வராதும்மா." மறுபடி கண் செருகியது.

"சரி, அவங்க காலை உயரமாத் தூக்கிப் பிடிங்க" என்றாள் டாக்டரம்மா. நான் குனிந்தேன். தோள்பை சரிந்தது. உள்ளே தகர டப்பா கலகலத்தது. வீட்டில் வைத்தால் யாராவது கை வைப்பார்கள் என்று மாத்திரையை எப்போதும் என்னோடுதான் வைத்திருப்பேன்.

"அது என்ன சத்தம்?"

"மிட்டாய்."

"அப்படியா? எனக்கு ஒண்ணு குடுங்க. காலையிலேர்ந்து சாப்பிடல." உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். பிறகு என் வீட்டுக்காரியின் உதட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. டப்பாவை அந்தக் கையில் வைத்தேன்.

டப்பாவைத் திறந்து, இரண்டு மாத்திரை அட்டைகளையும் விளக்கடியில் பிடித்து, பொடி எழுத்தைப் படித்தாள். "ஐயா, ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. ரெட்டை அளவு போயிருக்கு."

"நிறம் வேறயா இருக்கே?"

"சட்டை மாத்தினா நீங்க வேற ஆளா?"

பிறகு நோட்டைப் புரட்டி, போன வாரம் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள்: "வேறு மாத்திரை எதுவும் இல்லை என்று கணவர் சொன்னார்." கணவர் தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடவில்லை. குழாய் வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றி, இரண்டு மணி நேரம் கட்டிலில் வைத்திருந்தாள். கால் மணிக்கொரு தடவை காற்றடித்தாள். இடையில் மூக்கில் பாசிமணி போட்டுக்கொண்ட குழந்தை, தாடை வீங்கிய தச்சர், இருமிக்கொண்டே சண்டை போட்ட ஒரு அம்மாள். கடைசியில் நூற்றுப் பத்து என்றாள். இவளை எழுப்பி நடக்க வைத்தாள். தள்ளாடவில்லை.

"இன்னிக்கு மாத்திரையே வேண்டாம். நாளைக்குக் காலையில முன்கதவுக்குப் போங்க. வாரநாள் டாக்டர் சொல்ற ஒண்ணை மட்டும் போடுங்க. போகும்போது டப்பாவைக் காட்டுங்க."

"டப்பா இனிமே என்கிட்ட" என்று என் வீட்டுக்காரி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது ஒரு வழுக்கைத் தலைக்காரர் பையை மார்போடு அணைத்தபடி உள்ளே நுழைந்தார். டாக்டரம்மா கேட்டாள்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சேச்சே, ஒண்ணுமில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிக் கத்தினேன்: "டாக்டரம்மா, அந்த ஆளை நம்பாத! பையைக் குலுக்கிப் பாரு!"