சுவரோரம் சாய்த்த விறகு

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ரத்தினசாமி, தன் வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த விறகுக் கட்டுகளைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். ஒன்றா, இரண்டா? ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. "பாவிங்களா, அதுக்குள்ள கொண்டாந்து வெச்சிட்டீங்களே" என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீருக்கும், நாலு பேர் கூடினால் சமையலுக்கும் விறகுதான். ஏரிக்குள் வேலிகாத்தான் முள்மரம் மண்டிக் கிடக்கிறது. கத்தியை எடுத்துக்கொண்டு போனால் அவரவருக்கு வேண்டியதை அவரவர் வெட்டிக்கொண்டு வரலாம், ஒருத்தனைக் கேட்க வேண்டாம். சாவுக்கு மட்டும் அது நடக்காது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிகிற வரைக்கும் ஊரில் எவரும் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி, சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் சரி. அதனால் ஒரு உயிர் பிரியப் போகிறது என்று தெரிந்தாலே வீட்டுக்கு ஒரு கட்டு வெட்டி, முன்கூட்டியே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவிட்டுப் போவார்கள். வருகிற சனத்துக்கு டீ போட, உலை வைக்க, வெந்நீர் காய்ச்ச. அந்தக் கட்டை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சாய்த்தவர் திரும்ப எடுத்துப் போகக் கூடாது. சாவுக்கு முன்னால் அவிழ்த்து எரிக்கவே கூடாது.

அவர் மனைவி அமிர்தவள்ளிக்கு வயிற்றில் கேன்சர். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ரத்தினசாமியையும் மகன் கோபியையும் தனியே உட்கார வைத்து, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமலிருக்க மருந்து தருகிறோம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னார். அதை அவளிடம் யார் சொல்வது? ரத்தினசாமி போய்ச் சொன்னது வேறு. "எல்லாம் கொணமாயிடுச்சாம் அமிர்தம். வூட்டுக்குப் போவலாம்னுட்டாங்க." அவள் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துப் பார்த்த சிரிப்பு அது. இருக்கிற வரைக்கும் அந்தச் சிரிப்போடு இருந்துவிட்டுப் போகட்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை. அதற்கும் வழியில்லாமல் போனால் மனுஷன் என்னதான் செய்வான்?

தப்பு அவருடையதுதான். முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, "வூட்டுக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாங்கம்மா. யார்கிட்டயும் மூச்சு வுடாத, வூட்டைப் பெருக்கி மட்டும் வை" என்றிருந்தார். பிரிசில்லா சொன்ன சொல் தவறாதவள். மூச்சு விடவில்லை. ஆனால் ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வேலை நாளில், பட்டப்பகலில், கத்தியோடு ஏரிக்குள் இறங்கிவிட்டாள். ஊருக்கு அது போதாதா? யாரும் அவளைக் கேட்கவில்லை. அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள்.

சாவியைக் கொடுக்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலண்ணா. ஏசு சத்தியமா."

"நீ சொல்லலம்மா. நீ வெட்டப் போனது சொல்லிடுச்சி."

"வெட்டாம எப்டிண்ணா இருக்கறது? அண்ணிக்கு நான் வெட்டலன்னா வேற யாரு வெட்டுவாங்க?"

"மத்தியானம் கோபி ஆட்டோல கூட்டிக்கினு வந்துடுவான். அவ கண்ணுல இது படக் கூடாது, அவ்ளோதான்" என்றார். ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலைத் தூக்கித் தூக்கியே தேய்ந்த இடுப்பு அது. வேலிகாத்தான் முள் கழுத்தில் கீறியது. பிரிசில்லாவும் இன்னொரு கட்டைத் தூக்கினாள்.

அவர் ஒன்றை எடுத்துப்போய்ப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பினால், முன்னால் இன்னொன்று வந்திருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? தெருக்கோடி மேகலா இடுப்பில் பிள்ளையும் தலையில் விறகுமாக வந்து சாய்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். டீக்கடை ரஷீத் அஹமது சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பாய், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுப் பார்த்தார் ரத்தினசாமி. "என் பொண்ணு பிரசவத்துக்கு ராத்திரி பகல்னு பாக்காம நின்னவங்க அவங்க. நான் வெக்காம இருப்பனா?" என்றார் அவர். திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. எல்லாம் பாசத்தில் செய்கிறார்கள், அதுதான் பெரிய பேஜார். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பாதிகூட அப்புறப்படுத்தி முடியவில்லை. மத்தியானம் வர வேண்டிய ஆட்டோ அதற்குள் வந்து நின்றுவிட்டது. கோபி தாயைக் கைத்தாங்கலாக இறக்கினான். அமிர்தவள்ளி கூலியாள் மாதிரி வேர்த்து நின்ற புருஷனைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"இது இன்னாய்யா, இவ்ளோ வெறகு?"

"மழைக்கு ஆவும்னு நான்தான் வெட்டிப் போட்டேன்."

"எப்ப வெட்டுன? ஆஸ்பத்திரில என் கட்டிலண்டையே குந்திக்கினு இருந்தியே."

"அதுக்கு முன்னாடியே."

அவள் ஒவ்வொரு கட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகக் கட்டுவார்கள். பிரிசில்லா கம்பெனியில் கழித்த தோல் வாரால் கட்டுவாள், மேகலா பழைய புடவைக் கரையால், ரஷீத் அஹமது சைக்கிள் டியூபால். ரத்தினசாமி பனை நாரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அங்கே பனை நார் கட்டு ஒன்றுகூட இல்லை. அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

கோபி கட்டிலை வாசலில் போட்டு உட்கார வைத்தான். அவள் மூச்சு வாங்கிவிட்டு, "உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது. குளிக்கணும். அதுல ஒரு கட்டை அவுத்து வெந்நி வெய்யி" என்றாள்.

கோபி அப்பாவைப் பார்த்தான். பிரிசில்லா குடத்தோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அவிழ்க்காவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவிழ்த்தால் சாவுக்கு முன்னாலேயே சாவு விறகைக் கொளுத்தியவன் என்ற பேர் நிற்கும், ஊரில் ஒருத்தன் மன்னிக்க மாட்டான். ஊராவது மண்ணாவது என்று தோன்றியது அவருக்கு. கத்தியை எடுத்துவந்தார். பிரிசில்லாவின் கட்டை இழுத்துப் போட்டு, தோல் வாருக்கு அடியில் கத்தியைக் கொடுத்தார்.

"வுடுய்யா" என்றாள் அமிர்தவள்ளி.

அவர் நிமிரவில்லை.

"அவுக்காத. எத்தினி வூட்டுக்கு நான் தூக்கிக்கினு போயி சாச்சிருக்கறேன். எனக்குத் தெரியாதா? நெசமாவே எரிச்சிடுவியான்னு பாத்தேன். எரிச்சிடுவ போலக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் சிரித்த சிரிப்பு இல்லை இது. ரத்தினசாமி கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கோபி திண்டாடிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றான்.

"எனக்கு இன்னும் குளிக்கணும்" என்றாள் அவள். "நம்ம வெறகு இருந்தா வெய்யி."

நம்ம விறகு எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் யார் வெட்டினார்கள்? பின்பக்கம் கரையான் அரித்த நாலு குச்சிதான் கிடந்தது. சிலிண்டரும் தீர்ந்து போயிருந்தது. சுவர் முழுக்க விறகை வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு பானை வெந்நீர் வைக்க அந்த வீட்டில் வழியில்லை. பிரிசில்லா தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்னாள். "வேணாம். அவரு போவட்டும்" என்று அமிர்தவள்ளி தடுத்துவிட்டாள்.

ரத்தினசாமி மூக்கைச் சிந்திவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கைக்கு எட்டியதை வெட்டி, பனை நாரால் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பச்சை விறகு. புகைந்து தள்ளியது. ஊதி ஊதிக் கண் எரிந்து, எப்படியோ தண்ணீர் சூடேறியது.

மறைப்புக்குள் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றினார். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றச் சொன்னாள். ஊற்றினார்.

"நாளைக்குக் காலையிலயே போயி ஜாஸ்தியா வெட்டிக்கினு வந்துடறேன் அமிர்தம். ஒரு வாரத்துக்கு ஆவும்."

அவள் ஈரத் தலையை அவர் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள்.

"வேணாய்யா. தெனம் ஒரு கட்டு மட்டும் வெட்டு. சேத்து வெட்டிடாத."