கடைவாசல் கேமரா

…கேமராப் பதிவு அழிந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாம்தான், என் மனைவி நிஃப்லாவும் போனில் அதைத்தானே சொன்னாள், "அழிஞ்சி போச்செண்டு சொல்லுங்களேன், மிசின்தானே, தம்பிக்கு மூணு புள்ளைகள்," ஆனால் வெளியே கதிரையில் இருந்து என் பிளேன்டியைக் குடிக்கிற பொலிஸ் சார்ஜன் போன மாதம் நான் கொடுத்த மனுவை வாசித்தவர், சந்தியில் கலர் லைட் இருந்து என்ன பிரயோசனம், சிவப்பில் பாய்கிறவனைப் பிடிக்கக் கேமரா பூட்டுங்கள் என்று, முதல் கையெழுத்தே என்னுடையது, வர்த்தகர் சங்கத்தில் எழும்பி, பொலிஸோடு பேரம் பேசலாம், கேமராவோடு பேச ஏலாது என்று கைதட்டல்கூட வாங்கினேன், யார் என்னை வாயைத் திறக்கச் சொன்னது? வாப்பா சொல்லுவார், அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்த சாமானைக் கடைசியில் நீயே வாங்க வேண்டி வரும் என்று… இந்தப் பின்னறைக்கு ஜன்னலும் இல்லை, ஒரே கதவு, கதவடியில் சார்ஜன்.

நேற்று ஜும்ஆவுக்கு முன்னால், எதிர்ப்பக்கத் தையல்கடைக் கத்தரினா ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில் இறங்கி, நிஃப்லாவின் தம்பி நஜாத் ஓட்டி வந்த என் லொறியில் அடிபட்டு, இடுப்பெலும்பு உடைந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்த பிறகுதான் இறங்கினேன் என்கிறார் அவர், எனக்குத்தான் பச்சை என்கிறான் நஜாத், சந்தியில் நின்ற நாற்பது பேரும் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், ஆக அந்த மனுஷி சொல்வதற்குச் சாட்சி என் கடைவாசல் கேமரா ஒன்றுதான், அது இல்லையென்றால் பிழை அவர் தலையில்…

"முதலாளி, வந்ததா?"

"கொஞ்சம் பொறுங்க சேர், மெதுவாத்தான் வருது."

எப்போதோ வந்துவிட்டது, ஏழு தரம் பார்த்தும்விட்டேன், சிவப்பு, பேரம் பேச இடமில்லாத சிவப்பு, ஆனால் லொறி நிற்கிறது, ஓம், நஜாத் ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான், அப்போது படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டைக் கை ஒன்று நீள்கிறது, வா வா, ஜும்ஆப் பள்ளிக்கு முன் சாமானை இறக்கு, ஒரு வாகனமும் இல்லை, வா… லொறி அசைகிறது. என் கை. நான் கூப்பிட்டேனா? தினமும் கூப்பிடுகிறேனே, சந்திக்கு அந்தப்பக்கம் லொறியைக் கண்டால் கை தானாக எழும்புகிறதே, லைட்டை யார் பார்த்தது? அதற்கு மேல் பார்க்க முடியாமல் பின்னால் ஓட்டுகிறேன், கை மடங்குகிறது, திரும்ப நீள்கிறது. நேற்று முழுக்கப் பொலிஸில் இருந்தும் நஜாத் இந்தக் கையைப் பற்றி மூச்சு விடவில்லை, ஏன், மச்சான் என்ற மரியாதையா, அல்லது நல்ல விலை வரும்வரை வைத்திருக்கிறானா… சீ, எனக்கு ஏன் முதலில் விலைதான் தோன்றுகிறது, அங்கே ஒரு மனுஷி திரும்பிப் படுக்க ஏலாமல் கிடக்கையில்?

கதிரை நகர்கிற சத்தம். "சரி முதலாளி, வந்த வரைக்கும் காட்டுங்க," என்று சார்ஜன் உள்ளே வருகிறார், நான் எழும்பி இடம் கொடுக்கிறேன், அல்லது கொடுப்பதாக நினைக்கிறேன், இருந்த இடத்தில்தான் இருக்கிறேன், கூப்பிட்ட அந்த வலது கை மாத்திரம் எப்போது மேசைக்குக் கீழே போனது என்று தெரியவில்லை.