பலகையில் வீட்டுக்காரர் நம்பர்

கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிய அன்றே கொழுந்தன் மூக்கை நுழைத்தான். "பொம்பள நம்பரப் போட்டா கண்டவனும் கூப்பிடுவான் அண்ணி. அண்ணன் நம்பரப் போடுங்க." வீடே தலையாட்டியது. சன்னல் திரை தைத்துத் தைத்தே தெருவில் 'திரைக்காரம்மா' என்று பேரெடுத்திருந்தவளும் சேர்ந்து ஆட்டித் தொலைத்தாள். துணி எடுப்பது அவள், ஏணியில் ஏறி அளப்பது அவள், தைப்பதும் அவள். போன் வந்தால் எடுப்பது மட்டும் கணவன். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

முதலில் வேலை வந்துகொண்டுதான் இருந்தது. போகப்போகக் குறைந்தது. இரண்டு மெஷினில் ஒன்று மூடியே கிடந்தது. கூட வேலை பார்த்த ஓரம் அடிக்கும் அக்கா, "இப்படி ஈ ஓட்டிக்கிட்டிருந்தா எப்படிம்மா? நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று மெல்ல ஆரம்பித்தாள். தன் மடிப்பில்தான் ஏதோ கோளாறு என்று திரைக்காரம்மா தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள். ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்போதுதான் பெண்கள் விடுதி வார்டன், கிழிந்த நாற்காலி உறையோடு கடைக்கு வந்தார்.

"அட, எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டீங்களா! உடம்பு இப்ப தேவலையா?"

"எனக்கு என்ன மேடம் உடம்புக்கு?"

"விடுதி முழுக்கத் திரை மாத்தணும்னு ரெண்டு தடவ கூப்பிட்டேனே. முதுகு புடிச்சு படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. வேற இடத்துல குடுத்துட்டோம்மா."

ஓரம் அடிக்கும் அக்கா மெஷினை நிறுத்தினாள். திரைக்காரம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். குத்துக்கல் மாதிரி இருந்தவளைப் படுக்கையில் தள்ளிவிட்டானே, பாவி! வார்டனை அனுப்பிவிட்டுக் கடையை அக்காவிடம் ஒப்படைத்து, மேலே இருந்த வீட்டுக்கு ஏறினாள். மாடியில் கணவன் காலை நீட்டிக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எப்பங்க முதுகு புடிச்சுது?"

அவன் பூசி மெழுகினான். "உன் நல்லதுக்குத்தான். வீட்டையும் பாத்துக்கிட்டு அவ்ளோ பெரிய வேலை, உன்னால தாங்குமா?"

"தாங்குமான்னு என்னைக் கேட்டீங்களா?"

"பொண்டாட்டிய ஏணில ஏத்திவிட்டு வேடிக்கை பாக்கறியான்னு நாலு பேர் என்னைக் கேக்கறாங்க. என் மானம் போகுது!"

அவன் மானத்துக்காக அவள் முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல நியாயம்! கத்த வாயெடுத்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. பழக்கம் விடுமா? அவள் எதிரில் நிற்பதையும் மறந்து வாய் கூசாமல் சொன்னான்: "திரை தைக்கறவங்களா? அவங்க ஊர்ல இல்லீங்க."

அவள் போனைப் பிடுங்கினாள். "இருக்கேன். நான்தான் பேசறேன், சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு பெரியவரின் குரல் தடுமாறியது. புது கிளினிக் ஒன்றுக்குத் திரை வேண்டுமாம். கணவன் போனுக்காகக் கையை நீட்டினான். அவள் தரவில்லை. தன் சொந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். இனிமேல் இதில்தான் கூப்பிட வேண்டும், நாளைக்கே அளவெடுக்க வருகிறேன் என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் பெரியவர். "போன மாசம் கூப்பிட்டப்பவும் ஊர்ல இல்லன்னாரு. எப்ப திரும்பி வந்தீங்க?"

"நான் எங்கயும் போகலீங்க ஐயா," என்றாள் அவள், கணவனை நேராகப் பார்த்தபடி. "இத்தன நாளும் கீழ கடையிலதான் உக்காந்திருந்தேன்."