ஒரே பக்கத்தில் பதினொரு பேர்

எங்கள் மாதா கோயில் வெப்சைட்டில் ஒரு பூசை நேரத்தை மாற்ற வேண்டும் என்றால்கூட முன்பெல்லாம் சேலத்தில் இருக்கிற வெப்சைட்காரர் ஆசிருக்குப் போன் போட வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் கோடிங் எழுதி அதை மாற்றுவதற்குள் அந்தப் பூசையே முடிந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரே ஏற்காட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்து கொடுத்தார்.

"இனி நான் எதுக்குங்க அக்கா? கோடிங் ஒண்ணும் தெரிய வேண்டியதில்லீங்க. லாகின் பண்ணுங்க, எடிட்டை அழுத்துங்க, வேணும்கறதை அடிங்க, அப்டேட் குடுங்க. வேர்டு மாதிரிதானுங்க" என்றார்.

வேர்டு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பங்கு ஆபீஸில் அதைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். "ஜெயமேரி அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்ல" என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே சொன்னார். எனக்குப் பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

போன அக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செம்மநத்தத்திலிருந்து தேவகுமாரி வந்தாள். காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் பெரியநாயகம் அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். பத்தொன்பது வருடம் எங்கள் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்தவர். ஜூன் மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்கு நான்தான் வெப்சைட்டில் அஞ்சலிப் பக்கம் போட்டேன். ஒரு போட்டோ, நான்கு வரி, ஈஸ்டர் அன்று பாடகர் குழுவினர் பதிவு செய்த அவருடைய வாசகம். லிங்கைத் தேவகுமாரிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்.

"ஏனுங்க அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேக்கத்தான வந்திருக்கற. சீக்கிரம் சொல்லு, வேலை கெடக்குது."

"அவரு பக்கத்தை எடுத்துட்டீங்களாட்டம் இருக்குதுங்க."

போனை நீட்டினாள். லிங்கை அழுத்தினால் மேக்ஸ்வெல் வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் இறந்துபோன பஸ் டிரைவர்.

"உன் போன் சரியில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றேன். சொன்னபடி செய்தாள். மறுபடியும் மேக்ஸ்வெல்தான். "டவர் இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு ஆபீஸைக் குத்தஞ்சொல்ல வந்துட்ட" என்றும் சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"குத்தஞ்சொல்லலீங்க அக்கா. முறைதானுங்களே. நம்ம கல்லறையில எடம் பத்தாம, பழைய குழியத் தோண்டி அடுத்தவங்கள வெக்கறோமில்லீங்களா, அதாட்டம்னு நெனச்சேன். ஆனா குழிக்கே பதினாலு வருசம் குடுக்கறாங்க. இதுக்கு நாலு மாசந்தானுங்களா? கல்லறைத் திருநாள் வரைக்குமாச்சும் உட்டிருந்தீங்கன்னா, குழிகிட்ட வெச்சு ஒருக்கா அவரு கொரலக் கேட்டிருப்பனுங்க. வேற எங்கயும் அவரு கொரலு இல்லீங்க. எங்க ஊட்ல யாரும் எடுத்து வெக்கல."

போனை வாங்கி அந்த லிங்கை நானே ஒருமுறை அழுத்தினேன். எல்லோரும் குழிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

என் வேலை எப்படி என்றால், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு என்னிடம் ஒரே ஒரு ஃபைல்தான். திறப்பேன், பழைய பேரை அழித்துப் புதுப் பேரை அடிப்பேன், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவேன். வாங்கிக்கொண்டு போனவருடைய சான்றிதழ் அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். என் ஃபைலில் யார் பேர் இருந்தால் யாருக்கு என்ன? அஞ்சலிப் பக்கத்தையும் நான் அப்படியே செய்திருக்கிறேன். ஒருவர் இறந்தால் பழைய பக்கத்தைத் திறந்து, பேரை மாற்றி, போட்டோவை மாற்றி, அப்டேட். இங்கே யார் வீட்டுக்கும் காகிதம் போகவில்லை, லிங்க்தான் போனது. இது எனக்கு மூன்று வருடமாக உறைக்கவே இல்லை.

தேவகுமாரியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஆசிருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"புதுப் பக்கம்னு ஒண்ணு நீங்க போடவே இல்லீங்களா அக்கா?"

"நீங்கதானப்பா வேர்டு மாதிரின்னு சொன்னீங்க. இப்பக் கேள்வி கேக்கறீங்க?"

"சரிங்க, பாதி என் தப்புன்னு வெச்சுக்கலாம். அந்த ஆடியோவை என்னங்க பண்ணுனீங்க? பக்கத்துல இருந்து மட்டும் தூக்கினீங்களா, இல்ல மீடியாங்கற எடத்துக்குள்ள போயி அழிச்சீங்களா? அங்க அழிச்சிருந்தா திரும்ப வராதுங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. வேண்டாததை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான். மேசை டிராயரில் ஒரு பழைய ரப்பர் பேண்டுகூட இருக்காது. அழித்திருப்பேன் என்றுதான் தோன்றியது. தேவகுமாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தைத் திறந்து வலது பக்கம் பார்க்கச் சொன்னார் ஆசிர். அங்கே 'ரிவிஷன்ஸ்' என்று ஒரு வார்த்தை, அதற்குப் பக்கத்தில் ஒரு எண். நான் அப்டேட் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அது ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மேலே ஒரு கோடு, அதில் நகர்த்துவதற்கு ஒரு பொட்டு. இடது பக்கம் இழுத்தேன். மேக்ஸ்வெல் போய்ப் பெரியநாயகத்தின் பேர் வந்தது. நான் எழுதிய நான்கு வரியும் அப்படியே இருந்தன. ஆனால் இந்த இடத்தில் குரல் கேட்காதாம். அதை மீடியாவுக்குள் போய்த்தான் தேட வேண்டுமாம்.

மீடியாவைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். ஈஸ்டர் தேதி போட்ட ஒரு ஃபைல் இருந்தது. அழுத்தினேன். முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். பிறகு ஒரு செருமல். பிறகு பெரியநாயகம் வாசிக்க ஆரம்பித்தார், அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி.

தேவகுமாரி சட்டென்று, பூசையில் இருப்பதுபோல, முந்தானையை எடுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். வாசகம் முடிகிறவரை அவளும் அசையவில்லை, நானும் அசையவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த ரீஸ்டோர் பட்டனை அழுத்துங்க அக்கா, பக்கம் பழையபடி வந்துரும்" என்றார் ஆசிர் போனில்.

தேவகுமாரி என் கையைப் பிடித்தாள். "அப்ப அந்த டிரைவர் அண்ணன் பக்கமுங்க?"

"அவரு பக்கம் போயிடும்."

"வேண்டாமுங்க அக்கா. அவங்க ஊட்ல இப்பத்தான எழவு. அவங்களும் தெனம் தெறந்து பார்ப்பாங்க. அவரே இருக்கட்டும்."

மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் 'புதிய பக்கம்' என்பதை அழுத்தினேன். பெரியநாயகத்தை அங்கே வைத்தேன். புது லிங்கை அனுப்பினேன். குரலையும் தனியாக அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். டவர் இல்லாத இடத்திலும் கேட்கும். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கும்பிட வேண்டியது நான்.

அவள் போனபிறகு அந்தப் பொட்டை இன்னும் இடது பக்கம் இழுத்தேன். பெரியநாயகத்துக்கு அடியில் ஒரு டீச்சர். அவருக்கு அடியில் கொட்டச்சேடு ஊர்ப் பெரியவர் ஒருவர். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். மேலே இருந்த இரண்டு பேரை விட்டால் ஒன்பது பேர், ஒன்பது குடும்பம். ஒருவர்கூட இதுவரை என்னிடம் வந்து கேட்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது பேருக்கும் தனித்தனிப் பக்கம் போட்டேன். பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டேன். முதல் ஆள் "அப்படீங்களா, நொம்ப சந்தோசமுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டாமவரும் மூன்றாமவரும் தேவகுமாரி சொன்ன குழிக் கதையையே சொன்னார்கள். ஐந்து பேர் ஆவதற்குள், இவர்கள் ஏன் வந்து சொல்லவில்லை என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆறாவதாக ஸ்டெஃபி. அந்த டீச்சருடைய மகள், அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"நாலு மாசமா உங்கம்மா பக்கம் காணோம். ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றேன்.

"கேக்க வந்தேனுங்க அக்கா. ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள ஒரு பெரியவரை நிக்க வெச்சு ஏசிக்கிட்டிருந்தீங்க. நான் அம்மாவைப் பத்திக் கேக்கப் போயி, நீங்க கோவத்துல அம்மாவை ஏதாச்சும் சொல்லிப்புட்டா என்னால தாங்க முடியாதுங்க. அதான் திரும்பிட்டேன்."

அந்தப் பெரியவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஒருவரா இரண்டு பேரா, ஞாபகம் வருவதற்கு?

"என்னை மன்னிச்சுக்க கண்ணு" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க" என்று அவள்தான் பதறினாள்.

இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. அவர்களிடம் ஏன் வந்து கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.